மோவாயில் முளைக்கும் முடி: நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரேசர் வாங்க வரும் பெண்கள், நாங்கள் கேட்காமலேயே "அண்ணனுக்கு" என்று சொல்லிவிடுவார்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 11 ஆண்டுகளாக மருந்தாளுநராக நிற்கிறேன். அந்தச் சொல் எனக்குப் பழகிவிட்டது. நானும் 22 வயதில், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போய், அதையே சொல்லி ரேசர் வாங்கியவள்தான். எனக்கும் நீர்க்கட்டி உண்டு.

மேலுதட்டிலும் மோவாயிலும் தாடையோரத்திலும் கருத்துத் தடித்த முடி வருவது அரிதான சங்கதி அல்ல. உலக அளவில் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் 100க்கு 8 முதல் 13 பேருக்கு, மருத்துவர்கள் பிசிஓஎஸ் என்று சொல்லும் இந்தச் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறது. அவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு இந்த மிகை முடியும் உண்டு. ஆனாலும் ஒவ்வொருத்தியும் ஊரில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, முந்தானையால் வாயை மறைத்தபடி பேசுகிறாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏற்கெனவே தடித்துவிட்ட முடி ஒரு வேலை. இனித் தடிக்கப்போகும் முடி வேறு வேலை. முன்னதைக் கையும் கருவியும்தான் நீக்க வேண்டும். பின்னதை மாத்திரை தடுக்கும். மாத்திரை போட்டும் மீசை போகவில்லை என்று மூன்றாம் மாதம் நிறுத்துபவர்களும், ஆயிரக்கணக்கில் செலவழித்து லேசர் செய்தும் திரும்ப வந்துவிட்டது என்று அழுபவர்களும், இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களாகவே இருப்பார்கள்.

முடி ஏன் தடிக்கிறது

பெண் முகத்தில் இயல்பாக இருப்பது மெல்லிய பூனைமுடி. டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. பிசிஓஎஸ்ஸில் சினைப்பை அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இரத்தத்தில் அதன் அளவு ஏறும்போது இரண்டு கெடுதல்கள் சேர்ந்து நடக்கின்றன. சினைப்பை இன்னும் அதிகமாகச் சுரக்கும்படி தூண்டப்படுகிறது. ஆண் ஹார்மோனைக் கட்டிப்போட்டு வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகவே தயாரிக்கிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன், முடி முளைக்கும் வேர்ப்பையான முடிக்காலுக்குள் புகுந்து, அங்கிருக்கும் நொதியால் இன்னும் வீரியமான வடிவமாக மாறி, பூனைமுடியைத் தடித்த முடியாக்குகிறது. அப்படித் தடித்த முடிக்கால் பெரும்பாலும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் சிலருக்கு முடி வருவதற்குக் காரணம், அவர்களின் முடிக்கால்கள் சாதாரண அளவு ஹார்மோனுக்கே அதிகமாக அசைந்துகொடுப்பதுதான்.

இன்னொன்று: நீர்க்கட்டி என்று நாம் சொல்வது உண்மையில் கட்டியே அல்ல. முதிராமல் நின்றுபோன சினை முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் முத்து முத்தாகத் தெரிகின்றன. அவற்றை "கரைக்க" வேண்டிய அவசியம் இல்லை. கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் படி: கண்ணாடியும் கணக்கும்

மருத்துவர்கள் 9 இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்: மேலுதடு, மோவாய், மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேற்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 36. மேலுதட்டின் ஓரங்களில் நாலைந்து முடி என்றால் 1, மீசை நடுக்கோடுவரை வந்துவிட்டால் 4. இனத்துக்கு இனம் எல்லை மாறும் என்பதால், மொத்தம் 4 முதல் 6 வந்தாலே மிகை முடி என்று கொள்ளலாம் என்கிறது பிசிஓஎஸ்ஸுக்கான 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல். முன்கையும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் இந்தக் கணக்கில் இல்லை. அங்கே முடி இருப்பது பல குடும்பங்களில் பாட்டி வழிச் சொத்து. அதை நோயாக்க வேண்டாம்.

வெளிச்சமுள்ள சன்னலருகே நின்று, முகத்தை முன்னாலிருந்தும் இரண்டு பக்கவாட்டிலிருந்தும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போவதற்கு நாலு வாரம் முன்பிருந்தே வாக்சிங், திரெடிங் இல்லாமல் இருந்தால் நல்லது. அது முடியாத காரியம் என்பவர்கள் அந்தப் படத்தையே காட்டலாம். கடைசி ஆறு மாதங்களில் மாதவிலக்கு வந்த தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழுத்தின் பின்புறம் கருத்து, வெல்வெட் துணி போல் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். பயத்தமாவு போட்டுத் தேய் தேய் என்று அம்மாக்கள் தேய்ப்பது இதைத்தான். அது அழுக்கு அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில மாதங்களுக்குள் திடுதிப்பென்று முடி பெருகுவது, குரல் கனப்பது, பெண்குறிக் காம்பு பெரிதாவது, ஆண்களைப் போல் முன்தலை ஏறுவது, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுவது, தொட்டாலே கன்றிப்போவது ஆகியவை சினைப்பையிலோ சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியிலோ வேறு சிக்கல் இருப்பதைக் குறிக்கலாம்.

இரண்டாம் படி: அலமாரியில் இருக்கும் டியூபைப் பாருங்கள்

இதைப் பல வழிகாட்டிகள் சொல்வதில்லை. கடையில் நிற்பவள் என்பதால் நான் சொல்லியே ஆக வேண்டும். முகம் வெளுக்க என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஆயின்மென்டை மாதக்கணக்கில் பூசும் பெண்கள் இந்தப் பகுதியில் ஏராளம். டியூபைத் திருப்பிப் பார்த்தால் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதோவொரு ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், கன்னமெல்லாம் முடியும் முளைக்கும். இந்த முடிக்கு நீர்க்கட்டி காரணமே அல்ல. நெடுநாள் பூசியவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்துவிடும் என்பதால், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் விடுவதே சரி.

தலைமுடி உதிர்வுக்கான மினாக்சிடில் முகத்தில் வழிந்தாலும் அங்கே முடி வளரும். வலிப்புக்கான சில மாத்திரைகளுக்கும் இந்த விளைவு உண்டு. அவற்றை ஒருபோதும் தானாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: மருத்துவரும் பரிசோதனைகளும்

தஞ்சாவூரில் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. மகப்பேறு பிரிவில் சீட்டு வாங்கினால் தோல் பிரிவையும் பார்த்துவிட்டு வாருங்கள். வரிசையில் காலை நேரம் போய்விடும். ஆனால் ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்: மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். முடியும் ஒழுங்கற்ற விலக்கும் இருந்துவிட்டால் ஸ்கேன் இல்லாமலே முடிவுக்கு வரலாம். பூப்பெய்தி 8 ஆண்டு நிறையாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து நீர்க்கட்டி என்று முத்திரை குத்தக் கூடாது. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும்.

இரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். விலக்கு வந்த 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலையில் இரத்தம் கொடுப்பது நல்லது. டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 150 முதல் 200 நானோகிராம் என்ற அளவைத் தாண்டினால், ஹார்மோன் சுரக்கும் உண்மையான கட்டி (டியூமர்) இருக்கிறதா என்று தேட வேண்டும். கடைசியாகச் சொன்ன 17 ஹைட்ராக்சி பரிசோதனை, நீர்க்கட்டி போலவே வேடம் போடும் ஒரு பரம்பரை அட்ரீனல் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேரும் குறை என்பதால், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பத்துப் பெண்கள் இதை விட்டுவிட வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்கள் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனை இல்லாத உயரத்துக்கு ஏற்றிக் காட்டும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் எண்கள் மாறித் தெரியும். மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: இன்றைக்கு முகத்தைக் காட்ட வேண்டுமே

மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்கச் சொல்வது எளிது. நாளை மறுநாள் கல்யாணம், பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்?

மழியுங்கள். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது பொய். 1928லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் ஆய்வாளர் இதைச் சோதித்து, அப்படி எதுவும் நடப்பதில்லை என்று எழுதிவிட்டார். முடியின் கூர்நுனி வெட்டுப்படுவதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். குளித்து முகம் ஈரமாக இருக்கும்போது, புதிய ரேசரால், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். முடிந்ததும் ஈரப்பசைக் கிரீம் தடவுங்கள். ரேசரை யாரோடும் பகிர வேண்டாம்.

மேலுதட்டுக்குத் திரெடிங் ஏற்றது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் அழகு நிலையமாக இருந்தால், கழுத்தில் மாட்டிப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். மோவாயில் அடிக்கடி பிடுங்கினால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகி, நம் நிறத்துக்குக் கரும்புள்ளியாகத் தங்கிவிடும். பருவுக்கு டிரெட்டினாயின், அடாபலீன் பூசுபவர்கள் முகத்தில் வாக்சிங் செய்யவே கூடாது. தோலும் சேர்ந்து உரியும். முடி நீக்கும் கிரீமில் முகத்துக்கு என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒருநாள் முன்பே காதோரம் சிறிது தடவிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எஃப்ளார்னிதின் 13.9 சதவீதக் கிரீம் என்று ஒன்று உண்டு. எங்கள் கடை போன்ற சிற்றூர்க் கடைகளில் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். இது முடியை நீக்காது, வளரும் வேகத்தைக் குறைக்கும். 8 மணி நேர இடைவெளியில் தினம் இருமுறை தடவி, 4 மணி நேரம் கழுவாமல் இருக்க வேண்டும். பலன் தெரிய 8 வாரமாகலாம். நிறுத்தினால் ஏறக்குறைய அதே காலத்தில் பழைய நிலை திரும்பும்.

குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள், வயலில் களையாகப் பிடுங்கும் கோரையின் கிழங்கு ஆகியவற்றை அரைத்துப் பூசுவது நம் பாட்டிமார் வழக்கம். பூனைமுடி பளிச்சென்று தெரியாமல் இருக்க அது ஓரளவு உதவியிருக்கலாம். ஹார்மோனால் தடித்த முடிக்கு அதை நம்பி ஓராண்டை இழக்காதீர்கள். எரிச்சல் வராதவரை பூசிக்கொள்ளுங்கள். லேசருக்குப் போகும் நாளில் மட்டும் முகத்தில் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: மாத்திரைகள்

முதலில் எழுதப்படுவது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த ஹார்மோன் மாத்திரை. அதாவது, கருத்தடை மாத்திரை. சீட்டை என்னிடம் நீட்டும் அம்மாக்களின் முகம் அட்டையைப் பார்த்ததும் மாறிவிடும். "கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதையா எழுதினார்கள்?" என்று கிசுகிசுப்பார்கள். "அம்மா, காய்ச்சல் மாத்திரை தலைவலிக்கும் கொடுக்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான்" என்பேன். இது சினைப்பைச் சுரப்பைத் தணிக்கிறது. ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தை உயர்த்துகிறது. பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகாது. நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும்.

தொடங்குமுன் இரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். கண்ணில் மின்னல் தெறித்து வரும் ஒற்றைத் தலைவலி, தனக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ இரத்தக் குழாய்க்குள் இரத்தக் கட்டு வந்த வரலாறு, கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சைப்ரோடெரோன் 2 மில்லிகிராம் கலந்த மாத்திரை நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. இரத்தக் கட்டு அபாயம் அதில் கூடுதல் என்பதால், பன்னாட்டு வழிகாட்டுதல் அதை முதல் தேர்வாக வைப்பதில்லை. ஏன் இது, வேறு கூடாதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆறு மாதம் கழித்தும் போதவில்லை என்றால் ஸ்பைரனோலாக்டோன் சேர்ப்பார்கள். முடிக்காலில் ஆண் ஹார்மோன் ஒட்டும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். சிறுநீர் அதிகம் போகும், எழுந்தால் கிறுகிறுக்கும், தனியாகச் சாப்பிட்டால் விலக்கு தாறுமாறாகும். அது பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மருந்து. டெல்டாவில் இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் பஞ்சமில்லை. நல்ல சிறுநீரகம் உள்ள இளம் பெண்ணுக்கு ஒரு இளநீரால் ஒன்றும் ஆகிவிடாது. சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்த மாத்திரையோ உள்ளவர்கள் மட்டும் இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். ஃபினாஸ்டிரைடு இன்னொரு வழி. இந்த இரண்டும் வயிற்றில் வளரும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். திருமணமானவர்கள் உறுதியான கருத்தடை இல்லாமல் தொடவே கூடாது; குழந்தைக்குத் திட்டமிட்டால் சில மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். ஃப்ளூட்டமைடு என்ற இன்னொரு மருந்து கல்லீரலைத் தாக்குவதால் முடிக்காக அதை நாடாமல் இருப்பதே நல்லது.

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் விலக்குக்கும் உதவும். முடிக்காக மட்டும் அதை எழுதினால் ஏமாற்றமே மிஞ்சும்.

காலக் கணக்கு முக்கியம். குறுவை ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்; சம்பா ஐந்து மாதத்தை ஒட்டிப் போகும். முக முடி சம்பாவுக்கும் மேல். வளரத் தொடங்கிய முடி தன் சுற்றை முடிக்காமல் ஓயாது. ஆறு மாதத்துக்கு முன் பலனில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முழுப் பலனுக்கு ஓராண்டுகூட ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சன்னலருகே, அதே நேரத்தில் படம் எடுங்கள். தினம் கண்ணாடி பார்ப்பவளுக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும்.

ஆறாம் படி: லேசர்

லேசர் முடியிலுள்ள கருநிறத்தைத் தேடிச் சுடுகிறது. தோலும் கருமையாக இருந்தால் அது குழம்பித் தோலையும் சுடும். என் சித்தி மகள், விலை குறைவு என்று ஓர் அழகு நிலையத்தில் "லேசர்" செய்துகொண்டாள். அது லேசரே அல்ல, பளீரென ஒளி வீசும் ஐபிஎல் கருவி. தாடையோரம் பட்டை பட்டையாகக் கருத்து, மங்க எட்டு மாதமாயிற்று.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் மிகப் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் நீண்ட துடிப்பு என்டி யாக் லேசர். 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடு லேசரையும் அனுபவமுள்ள தோல் மருத்துவர் குறைந்த ஆற்றலில் கவனமாகப் பயன்படுத்தலாம். பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: எந்த லேசர், எத்தனை நானோமீட்டர், மருத்துவர் உடன் இருப்பாரா, முதலில் காதோரம் ஒரு புள்ளியில் சோதிப்பீர்களா. முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முகத்துக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஆறு முதல் எட்டு அமர்வு. இடைப்பட்ட காலத்தில் மழிக்கலாம். பிடுங்கவோ வாக்சிங், திரெடிங் செய்யவோ கூடாது, ஏனென்றால் வேர் இருந்தால்தான் லேசருக்கு இலக்கு கிடைக்கும். அமர்வுக்குப் பின் சில மணி நேரம் முடிக்கால்கள் சிவந்து புடைத்திருப்பது நல்ல அறிகுறி. நீர்க்கொப்புளம் வந்தால் தீக்காயம். வெயிலில் கருத்த முகத்தோடு போகக் கூடாது. நடவு, களையெடுப்பு என்று வயலில் நிற்பவர்களுக்கு என் யோசனை, வானம் மூடியிருக்கும் ஐப்பசியில் தொடங்குங்கள். தாவணியை இழுத்துப் போர்த்தினாலும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் வேண்டும்.

இரண்டு உண்மைகளைச் சொல்லாமல் விற்பார்கள். லேசர் முடியைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. ஹார்மோன் கட்டுக்குள் இல்லையென்றால் புது முடி வந்துகொண்டே இருக்கும். சிலருக்கு, குறிப்பாக நம்மைப் போன்ற நிறமும் பிசிஓஎஸ்ஸும் உள்ளவர்களுக்கு, லேசர் பட்ட இடத்தின் ஓரங்களில் முடி கூடவும் செய்யலாம். மூன்று அமர்வில் தாடைக்குக் கீழே புதிதாக முடி அடர்ந்தால் உடனே சொல்லுங்கள். நரைத்த முடிக்கு லேசர் பயனில்லை. ஒவ்வொரு முடிக்காலாக ஊசியில் மின்சாரம் செலுத்தும் எலக்ட்ராலிசிஸ்தான் அதற்கு வழி; பொறுமையைச் சோதிக்கும், ஆனால் நிரந்தரமானது.

சோறு, நடை, மனம்

எடை கூடியவர்கள் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே விலக்கும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும். முடி மட்டும் மெல்லத்தான் அசையும். மாப்பிள்ளைச் சம்பாவையும் கருங்குறுவையையும் மருந்தாக்கி விற்கிறார்கள். நல்ல அரிசிதான், ஆனால் மூன்று கரண்டி சாப்பிட்டால் அதுவும் மூன்று கரண்டிச் சோறுதான். சோற்றைக் குறைத்துக் கீரையையும் பயறையும் மீனையும் கூட்டுங்கள். நாளுக்கு மூன்று டிகிரி காபி என்றால் அதில் போகும் சர்க்கரையை எண்ணிப் பாருங்கள். ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அவர்களைப் பட்டினி போட வேண்டாம்.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல். படியிறங்கவே கூசி வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் பெண்ணை "எல்லாம் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தேற்றாதீர்கள், ஆகாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எனக்கு இப்போது 36 வயது. எட்டு அமர்வு லேசர், இரண்டரை ஆண்டு மாத்திரை, பிறகு குழந்தைக்காக எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிரசவத்துக்குப் பின் மோவாயின் இடப்பக்கம் கொஞ்சம் திரும்ப வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை தஞ்சாவூர் போய் ஓர் அமர்வு செய்துகொள்கிறேன். மீதி நாளில், வாரத்துக்கு இரண்டு முறை, குளித்து வந்ததும் ரேசர்.